பேரம் பேசாதே என்பதே முதல் மந்திரம்

கண்டியில் அண்மையில் நடந்த ஒரு சமயக் கூட்டத்திற்குப் போயிருந்தேன். பத்திரிகைத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் கூட்டங்களுக்குப் போகும் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. குறிப்புப் புத்தகமும் சட்டைப் பையில் இருக்கத்தான் செய்கிறது. அன்று பேசியவர் நல்ல நாவன்மை படைத்தவர். கடையில் வாங்கும் குத்துவிளக்கில் தெய்வ சாந்நித்தியம் தங்காது என்றார். இயந்திரத்தில் அழுத்தி எடுத்த தீபத் தட்டும், பெட்டியில் அடைத்துக் கப்பலில் வந்த மணியும் பூசைக்கு ஆகாதவை என்றார். கையால் வார்த்த விளக்கு, கையால் செதுக்கிய பீடம், கையால் தோல் கட்டிய வாத்தியம் ஆகியவையே ஆலயத்துக்கு உரியவை என்று அவர் முழங்கியபோது மண்டபம் கைதட்டியது. நானும் கைதட்டினேன்.

வீடு திரும்பும் வழியில்தான் அந்தக் கைதட்டல் என்னை உறுத்தத் தொடங்கியது. முன்வரிசையில் இருந்து பலமாகக் கைதட்டியவர்களில் ஓர் ஆலயத்தின் பரிபாலன சபைத் தலைவரும் ஒருவர். அந்த ஆலயத்தில் மாலைப் பூசைக்கு மேளம் அடிப்பது ஒரு மின்சார இயந்திரம். விசையைத் தட்டினால் மோட்டார் சுழலும், இரண்டு தடிகள் முரசில் விழும், மணி ஆடும், தாளம் மோதும். அதன் நெற்றியில் உபயகாரரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது.

கையா, கடையா என்ற இந்த விவாதம் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 'விக்கா' என்ற நவீன சூனியக்காரர் சமயத்தைப் பின்பற்றுவோரிடையே இது பல பத்தாண்டுகளாக நடந்து வருகிறது. சூனியக்காரர் என்றதும் பில்லி, ஏவல் என்று மருள வேண்டியதில்லை. நிலவையும் பருவங்களையும் ஒரு தேவியையும் ஒரு தேவனையும் வணங்குகிற சிறு கூட்டத்தார் அவர்கள். அவர்களது சடங்கிற்குக் கருவிகள் உண்டு: கறுப்புப் பிடிக் கத்தி ஒன்று, வெள்ளைப் பிடிக் கத்தி ஒன்று, கோல், கிண்ணம், தூபக்கலசம், குறி பொறித்த வட்டத் தட்டு. இவற்றைச் சாதகன் தானே செய்து கொள்ள வேண்டும், அப்போதுதான் அவனது ஆற்றல் அவற்றில் இறங்கும் என்பது ஒரு சாரார் கட்சி. கடையில் வாங்கினாலும் உப்பாலும் நீராலும் தீயாலும் புகையாலும் புனிதப்படுத்திவிட்டால் போதும் என்பது மறு சாரார் கட்சி.

இதற்கும் கண்டிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. அந்தச் சமயத்தை உலகறியச் செய்த ஜெரல்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர் நமது மலையகத்தில் இளமையைக் கழித்தவர். 1884இல் பிறந்த அவர், ஆஸ்துமா நோயால் வாடிய சிறுவனாக இருந்தபோது அவரைப் பராமரித்த தாதி இலங்கையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒருவரை மணந்து கொண்டார். அவர்களோடு 1900இல் கார்ட்னர் இங்கு வந்து, மஸ்கெலியாப் பகுதித் தோட்டம் ஒன்றில் தொழில் பழகினார். 1901இல் அந்தக் குடும்பம் சிறிது காலம் கண்டியில் ஒரு பங்களாவில் தங்கியது. அதற்குச் சற்று முன்னர்தான் பக்கத்துப் பங்களாவைக் காலி செய்து விட்டு இருவர் போயிருந்தார்கள் என்று அவரது வாழ்க்கை வரலாறு கூறுகிறது. ஒருவர், பிற்காலத்தில் மாந்திரீகத்தால் உலகப் புகழும் உலக வசையும் பெற்ற அலிஸ்டர் குரோலி. மற்றவர், அப்போது சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த பொன்னம்பலம் இராமநாதனிடம் யோகம் பயின்று, பின்னர் பர்மாவில் பௌத்தத் துறவியாகி ஆனந்த மெத்தேய்ய என்று பெயர் பெற்ற அலன் பென்னட்.

கார்ட்னர் பின்னர் போர்னியோவுக்கும் மலாயாவுக்கும் போனார். மலாய் மக்களின் கிரிஸ் கத்தியில் மனம் பறிகொடுத்து, அதைப் பற்றி 1936இல் ஒரு நூலும் எழுதினார். இங்கிலாந்தில் சூனியத் தடைச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பின், 1954இல் 'இன்றைய சூனியம்' என்ற பொருள்பட அவர் வெளியிட்ட நூலிலிருந்துதான் விக்காவின் பகிரங்க வரலாறு தொடங்குகிறது.

நமது பேச்சாளர் தாம் யாருடைய வாதத்தைப் பேசுகிறார் என்று அறிந்திருக்க மாட்டார். கையால் செய்ததே புனிதம் என்ற கட்சியைக் கண்டியில் ஒரு சைவரும் கலிபோர்னியாவில் ஒரு சூனியக்காரியும் ஏறத்தாழ ஒரே சொற்களில் பேசுகிறார்கள். அதில் தவறில்லை. என் தகராறு வேறு. இருவரும் கேட்கும் கேள்வியே பிழையான கேள்வி என்பது என் கட்சி.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். நமது மரபில் பூசை செய்பவர் தமது கருவியைத் தாமே செய்ததில்லை. குருக்கள் விளக்கு வார்க்கவில்லை; ஓதுவார் தாளம் உருக்கவில்லை; நாயனக்காரர் ஆச்சா மரத்தைக் கடைந்ததில்லை. விளக்கைக் கன்னார் வார்த்தார். சிலையைச் சிற்பி செதுக்கினார். தவிலுக்குப் பலா மரத்தைக் குடைந்தவர் வேறொருவர், தோல் பதனிட்டவர் இன்னொருவர். எல்லாமே பிறர் கையிலிருந்து வாங்கப்பட்டவை. அந்தக் கைக்கு நாம் என்ன கொடுத்தோம் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கண்டி இராச்சியத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு விடை இருந்தது. அதை எழுதி வைத்தவர் ஒரு தமிழர். சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனாக 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பணிக்குத் தலைமை தாங்கினார். கல்லைத் தேடிக் கண்டி நாட்டுக் கிராமங்களுக்குப் போனவர் கைவினைஞரைக் கண்டார். 1905இல் கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, உங்கள் கண் முன்னே உங்கள் கலை அழிகிறது என்று எச்சரித்தார். 1908இல் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெருநூலை வெளியிட்டார். எந்திர உற்பத்தியை வெறுத்த வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய கை அச்சுப்பொறியிலேயே அது அச்சிடப்பட்டது.

அந்த நூலின் சாரம் இதுதான்: அரசனுக்கும் விகாரைக்கும் தேவாலயத்துக்கும் பணி செய்த கம்மாளனும் தச்சனும் ஓவியனும் அப்பணிக்கு ஈடாக நிலம் பெற்றிருந்தார்கள். வயல் சோறு போட்டது. ஆகவே செய்த பொருளைச் சந்தையில் கூவி விற்கும் அவசரம் அவர்களுக்கு இல்லை. ஒரு விளக்கிற்கு எத்தனை நாள் வேண்டுமோ அத்தனை நாள் எடுத்துக் கொண்டார்கள். மரியாதையும் இருந்தது. புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கில் சிலையை நேருக்கு நேர் பாராமல், கண்ணாடியில் பார்த்துக் கண்ணெழுதுபவன் கைவினைஞன்தான். நமது ஆலயங்களிலும் விக்கிரகத்தின் கண்ணைத் திறப்பது சிற்பியின் உளி. அந்த ஒரு கணத்தில் கருவி செய்பவனே ஆசாரியன்.

ஆனால் பழைய காலத்தைப் பொற்காலம் என்று வணங்க நான் தயாரில்லை. நிலத்தோடு சாதியும் சேர்ந்தே வந்தது. மேளம் அடிப்பவன் மகன் மேளமே அடிக்க வேண்டும்; மறுத்தால் நிலம் போகும். அரசுக்குச் செய்யும் இராஜகாரியக் கடமையை ஆங்கிலேயர் 1830களில் ஒழித்தபோதும் விகாரை, தேவாலய நிலங்களில் ஊழியக் கடமை தொடர்ந்தது. அதை ஒழுங்குபடுத்த 1870இல் ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. தலதா மாளிகையில் இன்றும் மேளம் ஒலிப்பதற்கு அந்த ஏற்பாட்டின் தொடர்ச்சியே காரணம். ஒலி இனிமையானது. அதன் பின்னால் ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த இழிவு இனிமையானதன்று. ஆகவே நிலத்தையும் நிச்சயத்தையும் கொடுத்த அந்த முறையை மெச்சுவோர், அது எதைப் பறித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கடையில் வாங்கியதில் தெய்வம் தங்காது என்ற வாதத்தை மலையகத்தில் நின்று பேச எவருக்கும் வாய் வரக்கூடாது. தேயிலைத் தோட்டங்களில் கவ்வாத்துச்சாமி என்று ஒரு தெய்வம் உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் முன், கத்திகளைச் சேர்த்து வைத்து, பொட்டிட்டு, தேங்காய் உடைத்து அந்தச் சாமியைக் கும்பிடுவார்கள். அந்தக் கத்தியைத் தொழிலாளி செய்யவில்லை. அது தோட்ட நிர்வாகம் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கிய பண்டம். தொழிற்சாலையின் பெருஞ்சில்லுக்குக் காவலாக ரோதைமுனியை நிறுத்தியவர்களும் இதே மக்கள்தான். அந்தச் சில்லும் கப்பலில் வந்ததுதான். துரைமாருக்கு அது இரும்பு. அதில் கை போனவனையும் விரல் போனவளையும் கண்டவர்களுக்கு அது முனி. கார்ட்னர் என்ற இளைஞர் தோட்டத் தொழில் பழகிக் கொண்டிருந்த அதே மலைகளில், ஒரு சடங்குக் கத்தி எப்படிப் புனிதமாகிறது என்பதற்கு விடை லயங்களில் கிடந்தது. வியர்வை பட்டால் புனிதமாகிறது. உயிர் அதை நம்பியிருந்தால் புனிதமாகிறது.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒருநாள் கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் வழியில் பிலிமத்தலாவையில் இறங்கினேன். வீதியின் இரு மருங்கும் பித்தளைக் கடைகள் நிறைந்த இடம் அது. மகளின் திருமணத்திற்கு இரண்டு குத்துவிளக்குகள் தேவைப்பட்டன. ஒரு கடையின் பின்புறமே பட்டறை. களிமண் அச்சு உடைத்து, பித்தளை உருக்கி வார்த்து, அரம் கொண்டு பிசிறு நீக்கி, மெருகிட்டு வைத்திருந்தார் ஒரு முதியவர். அவர் கையில் நகங்கள் கறுத்திருந்தன. சோடி இரண்டாயிரத்து நானூறு ரூபா என்றார். நான் ஆயிரத்து எண்ணூறு என்றேன். பேசிப் பேசி ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் முடித்தேன். பணத்தை வாங்கிக் கொண்டு அவர் சிங்களத்தில் சொன்னார்: "மாத்தயா, கல்யாண விளக்கு என்றபடியால்தான் குறைத்தேன். பித்தளையின் விலை போக எனக்கு மிச்சம் ஒன்றுமில்லை."

வெற்றி பெற்ற பெருமிதத்தோடு பேருந்தில் ஏறினேன். கைவினைக் கலை அழிவது குறித்து அதே மாதம் நான் ஒரு கட்டுரையும் எழுதினேன். ஐந்நூறு ரூபாவை அந்தக் கைகளிலிருந்து பிடுங்கிய பேனாவால் அதை எழுதினேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பழைய ஐரோப்பிய மந்திர நூல்களில் ஒரு விதி திரும்பத் திரும்ப வருகிறது. சடங்கிற்குரிய பொருளை வாங்கும்போது பேரம் பேசாதே. கேட்ட விலையைக் கொடு. விக்காவினரில் பலரும் இதைப் பின்பற்றுகிறார்கள். கருவியைத் தானே செய்ய வேண்டுமா என்பதில் பிரிந்து நிற்பவர்கள் இதில் ஒன்றுபடுகிறார்கள். சூனியக்காரரிடம் நாம் கற்க வேண்டியது ஏதேனும் உண்டென்றால் இதுதான். கருவியின் புனிதம் அது செய்யப்பட்ட முறையோடு முடிவதில்லை. கை மாறிய முறையிலும் இருக்கிறது. என் மகளின் திருமணத்தில் எரிந்த விளக்குகள் கையால் வார்த்தவைதான். அவற்றில் ஐந்நூறு ரூபா அளவுக்கு இருள் இருந்தது.

கடை விளக்கை இழிவாகப் பேசுவோருக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். இந்தியாவிலிருந்து வரும் பித்தளைச் சாமான்களில் ஏராளமானவை உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்தில் செய்யப்படுபவை. பித்தளை நகரம் என்றே அதற்குப் பெயர். அங்கும் உலையின் முன் மனிதர்தான் அமர்ந்திருக்கிறார்கள். வெப்பமும் புகையும் அவர்களது நெஞ்சில்தான் இறங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருப்பதால் அந்தக் கையை இயந்திரம் என்று நினைத்துக் கொள்கிறோம். கையால் செய்தது என்று நாம் சொல்வது பல நேரங்களில், செய்த கை நமக்குத் தெரியும் என்பது மட்டுமே. தெரிந்த கைக்கே நாம் நியாயமான விலை கொடுப்பதில்லை. தெரியாத கையைப் பற்றி என்ன பேசுவது?

இப்போது அந்த மின்சார மேளத்துக்கு வருகிறேன்.

நான் சொன்ன அந்த ஆலயம் கண்டி நகருக்கு வெளியே, ஒரு தோட்டத்தின் எல்லையில் இருக்கிறது. முன்பு அங்கே பூசை வேளையில் தப்படிக்க ஒரு பெரியவர் வருவார். அவரது தந்தை விடியற்காலையில் தொழிலாளரைத் திரட்டப் பிரட்டுத் தப்பு அடித்தவர். வேலைக்கு எழுப்பிய தப்பும் சாமியை எழுப்பிய தப்பும் செத்தவரை அனுப்பி வைத்த தப்பும் ஒன்றே. சருகு மூட்டித் தோலைச் சூடு காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, அடிக்குச்சியையும் சிண்டுக்குச்சியையும் எடுப்பார். கொடிமரத்துக்கு அப்பால் அவர் வந்ததை நான் கண்டதில்லை. தோல் தொட்ட கை என்று எவரும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவருக்குக் கொடுக்கப்பட்டது மாதச் சம்பளம் அன்று; விரும்பியபோது விரும்பியதைக் கொடுக்கும் தட்சணை. பேருந்துக் கட்டணம் ஏறிவிட்டது, ஏதாவது கூட்டிக் கொடுங்கள் என்று அவர் கேட்ட ஆண்டில்தான் பரிபாலன சபை இயந்திரத்தை வாங்கியது.

2022ஆம் ஆண்டு வந்தது. எரிபொருள் இல்லை, மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. மாலைப் பூசையில் இயந்திர மேளம் ஊமையாயிற்று. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குருக்கள் தீபம் காட்டினார். மணி மட்டும் தனியே கிணுகிணுத்தது. மூன்றாம் நாள் ஒரு பையனை அனுப்பிப் பெரியவரை அழைத்து வந்தார்கள். வந்தார். வழக்கமான இடத்திலேயே நின்று அடித்தார். அன்று அங்கே நானும் இருந்தேன். இருளில் அந்த ஒலி எழுந்தபோது பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி விம்மியதைக் கேட்டேன்.

மின்சாரம் சீரானதும் அவரை அழைப்பது நின்றது. யாரும் அவரிடம் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. விசையைத் தட்டினார்கள், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு அவரது லயத்துக்குப் போய், ஏன் ஐயா கேட்கவில்லை என்றேன். "கரண்டு வந்திருச்சில்லைங்களா?" என்றார். சுவரில் தப்பு தொங்கியது. மகன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறான். கோயில் வாசலில் அப்பா நின்ற இடத்தில் தான் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டானாம். அவன் சொன்னது சரி.

பரிபாலன சபையினருக்கும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைப்பது பத்திரிகைக்காரனுக்கு அழகன்று. நாள்தோறும் இரண்டு வேளை வருவதற்கு ஆள் கிடைப்பதில்லை என்கிறார்கள். உண்மை. சிறிய ஆலயம், வருமானம் குறைவு என்கிறார்கள். அதுவும் உண்மை. ஆனால் ஆள் ஏன் கிடைப்பதில்லை? உட்பிரகாரத்தில் இடமும் இல்லை, மாத முடிவில் சம்பளமும் இல்லை என்றால் எந்தத் தொழிலுக்கு ஆள் கிடைக்கும்? இயந்திரத்துக்கு உபயகாரர் கிடைத்தார். ஒரு மனிதனின் ஓராண்டுச் சம்பளத்துக்கு உபயகாரரைத் தேடி எவரேனும் ஒரு வீட்டுப் படியேனும் ஏறினார்களா? சம்பளத்தின் மேல் பெயர் பொறிக்க முடியாது என்பதுதான் காரணமோ?

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நமது ஆலயங்களில் விளக்கிலும் மணியிலும் கதவிலும் உபயம் என்று பெயர்கள் உண்டு. வார்த்தவன் பெயரை நான் தேடிப் பார்த்திருக்கிறேன். எந்த விளக்கிலும் கண்டதில்லை. பணம் கொடுத்தவனுக்குப் பித்தளையில் நிரந்தரம். பித்தளைக்கு வடிவம் கொடுத்தவனுக்கு ஒன்றுமில்லை. கையால் செய்ததே புனிதம் என்று கைதட்டியவர்கள் அந்தக் கையின் பெயரைக் கூட அறிய விரும்பவில்லை.

ஆகவே அந்தக் கூட்டத்தின் கைதட்டலை நான் திரும்பப் பெறுகிறேன். கைவினை வாழ வேண்டும் என்று மனமார நினைப்பவர்களிடம் மூன்று காரியங்களை மட்டும் கேட்கிறேன். பிலிமத்தலாவையிலோ நத்தரம்பொத்தவிலோ பூசைப் பொருள் வாங்கினால் சொன்ன விலையைக் கொடுங்கள். முடியாவிட்டால் சிறியதை வாங்குங்கள். அடுத்த விளக்கில் உபயகாரர் பெயருக்குப் பக்கத்தில் வார்த்தவர் பெயரையும் பொறியுங்கள். ஆலயத்தின் ஆண்டுக் கணக்கறிக்கையில் மின்கட்டணத்துக்கு ஒரு வரி இருப்பது போல மேளக்காரர் சம்பளத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். அதற்கு முன் அவரை உள்ளே அழையுங்கள்.

இவற்றில் ஒன்றையும் செய்ய இயலாவிட்டால் தயவு செய்து கடையிலேயே வாங்குங்கள். இயந்திரமே மேளம் அடிக்கட்டும். அதில் பொய் குறைவு. கவ்வாத்துக் கத்தியில் இறங்கிய தெய்வம் கடை விளக்கிலும் இறங்கும். அதில் எனக்கு ஐயமில்லை.

அந்தப் பிலிமத்தலாவை முதியவரைத் தேடி மூன்று ஆண்டுகளுக்கு முன் போனேன். பட்டறை இருந்த இடத்தில் கைபேசிக் கடை இருக்கிறது. ஐந்நூறு ரூபாவை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வீதியோரத்தில் சற்று நேரம் நின்றுவிட்டு அடுத்த பேருந்தில் திரும்பினேன். என் வீட்டில் அந்த விளக்குகள் இன்னும் எரிகின்றன.